ஒழுகும் மெஷினும் பேசாத முனீசும்

தண்ணீர் முதலில் அடுப்படி வாசலைத் தொட்டது. பிறகு அரிசி டின்னைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறம்தான் ஜன்னத்தின் அத்தா சம்சுதீன் அதைக் கண்டுபிடித்தார். கண்ணால் அல்ல, காலால்.

"யாரு இங்க தண்ணியக் கொட்டுனது?"

கைலியைத் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று கேட்டார்.

யாரும் கொட்டவில்லை. வீட்டின் பின்பக்கம் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும் பழைய வாஷிங் மெஷின்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகவே அது லேசாகக் கசிந்தது. ஒரு வாளித் தண்ணீர் குறைந்தால் இன்னொரு வாளி ஊற்றிச் சமாளித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் அடங்காமல் ஒழுகியது.

அது இரண்டு தொட்டி மெஷின். ஒரு தொட்டி துவைக்கும், இன்னொன்று பிழியும். கம்பத்தில் இருக்கும் மாமா புது மெஷின் வாங்கியபோது, பழையதைத் தங்கைக்குக் கொடுத்தார். அதற்கு வயது பதினொன்று. ஜன்னத்துக்கும் பதினொன்று. "ரெண்டும் ஒரே மாதிரித்தான் சத்தம் போடுதுக" என்று அம்மா அக்தர் பானு சொல்வார்.

மெஷினில் அப்போது சுற்றிக்கொண்டிருந்தது செல்லக்கிளியின் துணி. செல்லக்கிளி அடுத்த தெருவில் இருக்கும் பெண். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போவார். ஏலச்செடியில் காய் அடித்தூரில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்துகொண்டே பறிக்க வேண்டும். துணியில் படும் கறை லேசில் போகாது.

ஆறு நாள் குனிந்து காய் பறித்துவிட்டு, ஏழாவது நாளும் குனிந்து துணி துவைக்க வேண்டுமா என்று அம்மாதான் அவரைக் கூப்பிட்டார். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லக்கிளி துணி மூட்டையோடு வருவார். மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் முனீஸ்வரியும் வருவாள். ஜன்னத்தும் அவளும் ஆறாம் வகுப்பு. ஒரே பெஞ்சு.

அத்தா ஈரக் காலை உதறினார். அவருக்குக் கோபம் வந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டார்.

"பத்து வருசமா ஒழுகாத மெஷின் இப்ப மட்டும் ஏன் ஒழுகுது? எஸ்டேட்டுத் துணி போட்டா எந்த மெஷின் தாங்கும்? மண்ணும் கறையும் போயி அடியத் தின்னுருச்சு."

"மெல்லப் பேசுங்க" என்றார் அம்மா.

மெல்லப் பேசி இனிமேல் பயனில்லை. பின்வாசலில் செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தார். மெஷினிலிருந்து பாதி துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்தார். மூட்டையாகக் கட்டினார். தங்கள் துணியைத் தாங்களே குழாயடியில் அலசிக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, "வர்றேன் மதினி" என்று கிளம்பினார்.

மூட்டையின் இன்னொரு முனையைத் தூக்கும்போது முனீஸ் ஜன்னத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை.

'அப்படியெல்லாம் இல்ல அத்தை' என்று செல்லக்கிளியிடம் சொல்ல ஜன்னத்துக்கு வாய் வரை வந்தது. வாயைத் தாண்டி வரவில்லை.

மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர், வாசல் வரை கோடு போட்டுக்கொண்டு போனது.

திங்கட்கிழமை முனீஸ் பெஞ்சு மாறிவிட்டாள். ஜன்னல் ஓரம் வெயில் கண்ணில் அடிக்கும் பெஞ்சு அது. அங்கே யாரும் ஆசைப்பட்டு உட்கார மாட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. டீச்சர் கூப்பிட்டால் 'டீச்சர் கூப்பிடுறாங்க' என்று சொல்வாள். கணக்கு நோட்டு வேண்டுமென்றால் 'கணக்கு நோட்டு' என்பாள். தபால்காரர் கூட இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்.

புதன்கிழமை பள்ளிக் குழாயடியில் ஜன்னத் அவளைப் பிடித்துவிட்டாள்.

"என்கூடப் பேச மாட்டியா?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"இதுக்குப் பேரு பேச்சா?"

முனீஸ் குழாயை மூடினாள். "எங்கம்மா துணிய உதறி, ரெண்டு தண்ணியில அலசி, மண்ணெல்லாம் போனதுக்கப்புறம்தான் உங்க வீட்டுக்குக் கொண்டு வரும். அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அன்னிக்குச் சும்மாதான நின்ன."

பதிலுக்குக் காத்திருக்காமல் முனீஸ் நடந்தாள்.

வீட்டில் அத்தா மெக்கானிக் வினோத்குமாருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். வினோத்குமார் நல்லவர். எப்போது போன் செய்தாலும் எடுப்பார். எப்போது எடுத்தாலும் நாளைக்கு வருவதாகச் சொல்வார். திங்கள் போய், செவ்வாய் போய், வியாழக்கிழமை வந்தது. மெஷினுக்கு என்ன வயது என்று அன்றைக்குத்தான் அவர் கேட்டார். பதினொன்று என்றதும், அப்படியானால் அடித்தொட்டிதான் விட்டுப்போயிருக்கும், அதற்கு மாற்றுத் தொட்டி எங்கேயும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

அத்தா அடுத்த போனைப் பழைய இரும்புக் கடை தங்கபாண்டிக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோடு ஆட்டோவோடு வந்து மெஷினை ஏற்றிக்கொள்வதாக அவர் சொன்னார்.

அன்றைக்கு ஜன்னத் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மெஷின் போய்விட்டால், அது ஏன் ஒழுகியது என்று இனி யாருக்கும் தெரியாது. தெருவில் யார் கேட்டாலும், செல்லக்கிளி துணி போட்டுக் கெட்டுப்போன மெஷின் என்றுதான் பேச்சாகும். முனீஸ் அந்த ஜன்னல் ஓரத்திலேயே ஆறாம் வகுப்பை முடித்துவிடுவாள். ஏழாம் வகுப்பையும்.

"அம்மா, நெசமாவே அடியில ஓட்டையா?"

"மெக்கானிக்கு சொன்னாருல்ல."

"அவரு போனுக்குள்ள இருந்து எப்படிப் பாத்தாரு?"

அம்மா அவள் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார். "இந்த வாய வச்சுக்கிட்டு நீ எங்கிட்டுத்தான் போகப் போறியோ. சரி, பாக்கணும்னா பாரு. ஆனா பிளக்க நான் புடுங்குனதுக்கு அப்புறம்தான் மெஷினத் தொடணும்."

சனிக்கிழமை பள்ளி இல்லை. அத்தா ஏலக்காய்க் கடைக்குப் போனதும், அம்மா மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். பிறகு குழாயடியில் உட்கார்ந்து கையாலேயே துணிக்குச் சோப்புப் போட ஆரம்பித்தார்.

ஜன்னத் பழைய செய்தித்தாள்களை எடுத்துவந்தாள். மெஷினுக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டி விரித்துத் தள்ளினாள். துவைக்கும் தொட்டியில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தாள்.

தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. அதில் ஓர் ஆள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் ஒரு சொட்டு கூட விழவில்லை.

"என்னடி, தூங்கிட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா, பேப்பரு காஞ்சே கிடக்கு."

அம்மா சோப்புக் கையோடு வந்து குனிந்து பார்த்தார். மெஷினுக்கு அடியில் காய்ந்த தாள். ஆனால் தொட்டியில் தண்ணீர் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. அது எங்கே போனது?

ஜன்னத் எழுந்து மெஷினைச் சுற்றி வந்தாள். பின்னால், அழுக்குத் தண்ணீர் வெளியேறும் சாம்பல் நிறக் குழாய் சாக்கடையில் விடாமல் தரையில் கிடந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் நூல் போல ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டியில ஓட்டை இல்லம்மா. தண்ணி போற வழியிலதான் போகுது. போகக் கூடாத நேரத்துல போகுது."

மெஷினின் மேலே ஒரு திருகு இருக்கிறது. துவைக்கும் பக்கம் திருப்பினால் உள்ளே வழி அடைபடும். வெளியேற்றும் பக்கம் திருப்பினால் திறக்கும். இப்போது அது துவைக்கும் பக்கம்தான் இருந்தது. வழி அடைபட்டிருக்க வேண்டும். அடைபடவில்லை.

ஜன்னத்துக்குப் போன வருடத்து நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. புத்தகப் பையில் இருந்த தண்ணீர் பாட்டில் ஒழுகி, சமூக அறிவியல் புத்தகத்தில் பாதி இந்தியா நனைந்துவிட்டது. பாட்டில் உடையவே இல்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு எலுமிச்சை சாதப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பருக்கை போனதும் ஒழுகல் நின்றது.

"அம்மா, இதுக்குள்ள எங்கயாச்சும் ரப்பர் மூடி இருக்குமா?"

திருகைத் திருப்பித் தொட்டித் தண்ணீரை முழுக்க வெளியேற்றினார்கள். தொட்டியின் உள் ஓரத்தில் ஒரு சல்லடைப் பலகை இருந்தது. மேலே இருந்த கொக்கியை அழுத்தியதும் அது கையோடு வந்தது. அதன் கம்பிப் பற்களில் ஒன்று உடைந்து இடைவெளி விழுந்திருந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு குழி. குழியின் அடியில் வட்டமாக ஏதோ தெரிந்தது. அம்மா கையை விட்டுப் பார்த்தார். வளையல் தடுத்தது. வளையலைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கையே தடுத்தது.

ஜன்னத்தின் கை போனது.

"மெல்ல. ஆணி கீணி இருக்கப்போகுது."

வட்டமான மூடியைத் திருகினாள். பூப்போல வந்தது. அதன் கீழே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு ரப்பர். அதைத் தூக்கி விரலால் துழாவினாள். வழுவழுவென்று ஏதோ அகப்பட்டது. எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

ஏலக்காய்.

ஊறி, வெளுத்து, உப்பிப்போன ஏலக்காய். அடுத்து இன்னொன்று. இரண்டு காய்கள் ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவில் வாகாக உட்கார்ந்திருந்தன. மொத்தம் ஏழு வந்தன. துணியில் மூன்று வாரமாக ஏலக்காய் வாசம் வந்திருக்க வேண்டுமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வந்தது. ஆனால் இந்தப் போடி ஊரில் அந்த வாசத்தை யார் கவனிப்பார்கள்? ஏலக்காய்க் கடைத் தெரு முழுக்க அந்த வாசம்தான். பஸ்சில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் மேலும் அந்த வாசம்தான்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். தணிந்த குரலில் கேட்டார்.

"செல்லக்கிளி துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ?"

ஜன்னத் காய்களைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கண்டுபிடித்தது தப்பாகப் போய்விட்டதா? பேசாமல் இந்த ஏழு காயையும் சாக்கடையில் போட்டுவிட்டால் என்ன?

போடவில்லை. ஒரு காயை எடுத்துத் துடைத்தாள். வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். ஏழு காயையும் பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு வால் இல்ல."

அம்மா நிமிர்ந்தார்.

செடியிலிருந்து பறிக்கும் பச்சைக் காயில் ஒரு சின்ன வால் இருக்கும். காம்பும் காய்ந்த பூவுமாக அது ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி, பிறகு தேய்த்துத்தான் அந்த வாலை எடுப்பார்கள். அப்புறம் சலித்து, தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். வால் இல்லாத காய் மலையிலிருந்து செல்லக்கிளியின் துணியில் வர முடியாது. அது மூட்டையிலிருந்துதான் வர முடியும். மூட்டை இருப்பது ஏலக்காய்க் கடையில்.

அம்மா, மகள் இருவரின் தலையும் ஒரே நேரத்தில் ஆணியில் தொங்கிய அத்தாவின் கட்டம் போட்ட சட்டைப் பக்கம் திரும்பியது.

"நான் பை பாத்துட்டுத்தான துணியப் போடுறேன்" என்றபடி அம்மா மேல்பையில் கையை விட்டார். ஒன்றும் இல்லை.

"உள்பை ஒண்ணு இருக்கும்மா."

உள்பையில் ஐந்து இருந்தன.

அத்தா கடையில் காய் தரம் பார்க்கிறவர். மூட்டையைப் பிரித்ததும் நாலு காயை எடுப்பார். உருட்டிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், ஒன்றைக் கீறி மோந்து பார்ப்பார். கை பட்ட காயை மறுபடி மூட்டையில் போட மாட்டார். ஒரு மூட்டைக் காய் இன்னொரு மூட்டையில் விழவும் விட மாட்டார். அதில் அவர் அவ்வளவு கறார். அதனால் அந்த நாலு காயும் பைக்குள் போகும். 'டீயில போட்டுக்கங்க பாய்' என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். மற்ற மாதங்களில் அவற்றை வீட்டுக்கு வந்ததும் டீத்தூள் டப்பாவில் போட்டுவிடுவார். காய் பறிக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது மூட்டை வரும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினால் போதும் என்று இருக்கும்.

"வரட்டும் இன்னிக்கு" என்றார் அம்மா.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான் கேக்குறேன்."

"நீ என்னத்தக் கேப்ப?"

"அத்தாவுக்குப் பிடிச்ச கேள்வியாக் கேப்பேன்."

அதற்கு முன்னால் இருவரும் வேலையை முடித்தார்கள். ரப்பரைக் கழுவித் துடைத்து மாட்டினாள் ஜன்னத். உடைந்த பல்லுக்குப் பதிலாகக் கொசுவலைத் துண்டு ஒன்றைச் சல்லடையில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டினாள். மறுபடி மூன்று வாளித் தண்ணீர். இந்த முறை குழாயின் வாய்க்குக் கீழே செய்தித்தாளை விரித்தார்கள். பத்து நிமிடம் கழித்தும் தாள் மொடமொடவென்று இருந்தது. அம்மா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகினார். மெஷின் பழைய சத்தத்தோடு சுற்றியது.

சாயங்காலம் அத்தா வந்து, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னத் ஒரு சாசரில் ஏழு காய்களையும் வைத்து நீட்டினாள்.

"அத்தா, இது எப்படிப்பட்ட காய்? பாத்துச் சொல்லுங்க."

ஏலக்காயைப் பற்றி யாராவது கேட்டால் அத்தாவுக்குக் களைப்பு போய்விடும். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் உருட்டினார்.

"எட்டு மில்லி சைஸ் காயி. முதல் தரம்."

"பச்சைக் காயா, உலத்துன காயா?"

"வால் இல்லயேம்மா. உலத்தி, தேச்சு, சலிச்சு, மூட்டையில வந்த காயி. ஆளு நல்லா நீளமா இருக்கு பாரு. இந்தச் சீசனுக்கு நம்ம கடைக்குத்தான் இப்படி வருது." மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "எம்புட்டு நல்ல காயி. இதப் போயித் தண்ணியில ஊறப்போட்டு நாசம் பண்ணியிருக்கு. எந்த அறிவு கெட்ட ஆளு பாத்த சோலி இது?"

அடுப்படியில் அம்மா ஏனோ இருமினார். இருமல் நிற்க நேரமானது.

"நீங்கதான் அத்தா" என்றாள் ஜன்னத்.

"நானா?"

காய்கள் எங்கே கிடைத்தன என்று அவள் சொன்னாள். செய்தித்தாள் விரித்தது, குழாயின் வாய், ரப்பர் மூடி, கொசுவலை, எல்லாவற்றையும் சொன்னாள். "ஒருவேளை செல்லக்கிளி துணி..." என்று அத்தா ஒரு தடவை ஆரம்பித்தார். தானே நிறுத்திக்கொண்டார். வால் இல்லாத காய் என்று சொன்னது அவர்தானே.

அவருடைய கை, போட்டிருந்த சட்டையின் உள்பைக்குள் மெதுவாகப் போனது. மூன்று காய்கள் வந்தன. அவற்றையும் சாசரில் வைத்தார்.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுது."

"தங்கபாண்டிய வர வேணாம்னு சொல்லிருவோம்." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குச் செல்லக்கிளிய வரச் சொல்லிரு. நீ ஓடிப்போயி வெரசாச் சொல்லிட்டு வந்துரு."

ஜன்னத் நகரவில்லை.

"நான் சொன்னா வர மாட்டாங்கத்தா. அவங்க காதுல விழுந்தது உங்க பேச்சு."

அத்தா சாசரையே பார்த்தார். அதில் இருந்த பத்துக் காய்களும் அவரைப் பார்ப்பது போல இருந்தது.

"காலையில போறேன்" என்றார்.

"நானும் வர்றேன். எனக்கும் அங்க ஒரு சோலி இருக்கு."

அடுத்த தெருவுக்குப் போக இரண்டு நிமிடம் போதும். அத்தாவுக்கு அன்று பதினைந்து நிமிடம் ஆனது. வழியில் டீக்கடைக்காரரிடம் நலம் விசாரித்தார். பள்ளிவாசல் சுவரில் புதிதாகப் பூசிய பூச்சைத் தட்டிப் பார்த்தார். பூனை ஒன்று குறுக்கே வந்தது. அதையும் நின்று பார்த்தார்.

"வாங்கத்தா" என்று ஜன்னத் கையைப் பிடித்தாள்.

செல்லக்கிளி வீட்டு வாசலில் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். முனீஸ் அலசிக்கொண்டிருந்தாள். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்லக்கிளி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க பாய்" என்றார். குரல் மரியாதையாக இருந்தது. ஆனால் சிரிப்பு இல்லை.

அத்தா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஏழு காய்கள்.

"செல்லக்கிளி, மெஷின் ஒழுகுனது ஒன் துணியால இல்லம்மா. இது அடச்சுக்கிட்டு இருந்துச்சு. என் சட்டை உள்பையில இருந்து விழுந்த காயி. நான் பாக்காம கொள்ளாம வாய விட்டுட்டேன். தப்புதான். மனசுல வச்சுக்காத."

செல்லக்கிளி ஒரு காயை எடுத்துப் பார்த்தார். அவர் விரல்கள் ஏலச்செடியின் கறையில் கறுத்திருந்தன.

"வால் எடுத்த காயி" என்றார்.

"ஆமாம்மா."

"பாய், நாங்க மலையில போட்டுக்கிற சட்டையில பையே கிடையாது. வாங்குன அன்னிக்கே தைச்சு அடச்சுருவோம். இறங்கி வரையில ஒத்தக் காயி பையில கிடந்துச்சுன்னாலும் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லணும். பறிக்கிற எங்களுக்குப் பை இல்ல. பாக்குற உங்களுக்கு உள்பை வேறயா?"

அத்தா தலையைச் சொறிந்தார். "வீட்டுலயும் இதத்தான் கேட்டாங்க."

"அந்தச் சட்டையக் கொண்டாங்க. அதையும் தைச்சு விட்டுர்றேன்."

இப்போது சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவருக்கு, பிறகு அத்தாவுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்ன விஷயம் என்று தெரியாமலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஜன்னத் குழாயடியில் முனீசுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முனீஸ் ஒரு போர்வையைப் பிழியப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனி ஆளால் அது முடியவில்லை. ஜன்னத் அதன் இன்னொரு முனையை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும். பேசாம நின்னுட்டேன்."

"ஏன்?"

"அத்தா கோவமா இருந்தாங்க. பயமா இருந்துச்சு."

"எனக்கு அழுகையா இருந்துச்சு."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். தப்பு என்னுது, முனீஸ்."

முனீஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"முனையப் புடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா தண்ணி எப்படிப் போகும்? நீ அங்கிட்டுத் திருகு, நான் இங்கிட்டுத் திருகுறேன்."

ஜன்னத் திருகினாள். போர்வையிலிருந்து கொட்டிய தண்ணீர் இருவரின் பாவாடையையும் நனைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மிச்சத் துணியை மூட்டை கட்டி நாலு பேருமாக ஜன்னத் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பின்முனையை அத்தா பிடித்துக்கொண்டார். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், மெஷினைக் கெடுத்தது தான்தான் என்றும், சரிசெய்தது தன் மகள் என்றும் அவராகவே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது.

மத்தியானம் தங்கபாண்டி லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். வர வேண்டாம் என்று சொல்ல அத்தா மறந்துபோயிருந்தார். மெஷின் ஓடும் சத்தம் வாசல் வரை கேட்டது.

"பாய், உயிரோட இருக்கிறதையா தூக்கிட்டுப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டார் தங்கபாண்டி.

அம்மா அவருக்கு டீ கொடுத்தார். அன்றைய டீயில் ஏலக்காய் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

பின்பக்கத்தில் முனீசும் ஜன்னத்தும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முனீஸ் ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் திங்கட்கிழமையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னல் ஓரப் பெஞ்சுக்கு எதிரே இருக்கும் மரத்தில் ஓர் அணில் குட்டி போட்டிருந்தது. கணக்கு டீச்சர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கடலை மிட்டாய் தின்றார். தேவாரம் ஊர்ச் சித்தப்பா தோட்டத்துக்குள் யானை வந்து, வாழையை எல்லாம் விட்டுவிட்டு, காயப்போட்டிருந்த அவர் வேட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போனது.

ஜன்னத் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று கேட்டாள்.

துணியெல்லாம் சுற்றி முடித்து மெஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. முனீஸ் அப்போதுதான் புதன்கிழமைக்கு வந்திருந்தாள்.